பி.எட். பாடத்திட்டமும் கணினியும்

“பி.எட். பாடத்திட்டத்தில் கணினிக்கே இடமில்லை, வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைத் தொடுகிறார்கள்” என்று ஒரு பதிவு வந்திருக்கிறது, பலரும் பகிர்ந்துமிருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல.

பி.எட். இரண்டாண்டுப் படிப்பாக மாறியது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால்தான். பி.எட்.டுக்கான நெறிகள் அதன் 4ஆம் பின்னிணைப்பில் உள்ளன. பாலினம், யோகா, உள்ளடக்கிய கல்வி ஆகியவற்றோடு ஐ.சி.டி.யும் (ICT, அதாவது கணினி, இணையம் உள்ளிட்ட தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடத்திட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும் என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. கல்லூரியில் ஐ.சி.டி. வள மையம் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே வருகிறது.

நீங்களே பார்க்கலாம். குழுமத்தின் இணையதளத்தில் 2014 விதிமுறைகள் பி.டி.எஃப்.ஆகக் கிடைக்கும், 4ஆம் பின்னிணைப்பில் ‘பாடத்திட்டம்’ பகுதிக்குப் போங்கள். பிறகு உங்கள் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைத் திறந்து, தொழில்முறைத் திறன் வளர்க்கும் செய்முறைத் தாள்களில் ஐ.சி.டி. என்று தேடுங்கள்.

அந்தத் தாளை எல்லாக் கல்லூரியும் ஒழுங்காக நடத்துகிறதா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு சொன்னது அதை அல்ல.