ஒரு கமாவுக்கு இவ்வளவு பாடா?

பெட்டியை இழுத்துப் போடு, அம்புக்குறியால் இணை, தரவு தானாக ஓடும் என்று சொல்லித்தான் இந்தத் தானியங்கிக் கருவிகளை நம் தலையில் கட்டுகிறார்கள். ஓடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை, முகவரியில் ஒரு கமா வரும்வரை! தரவு வருவது சிஎஸ்வி கோப்பில்; அதில் ஒரு நெடுவரிசையை அடுத்ததிலிருந்து பிரிப்பதே கமாதான். தெருப் பெயருக்குப் பின்னால் கமா போட்டு மதுரை என்று யாரோ ஒழுங்காக எழுதியிருந்தால், மதுரை அடுத்த நெடுவரிசைக்குக் குடிபோய்விடும், போன் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் பின்கோடு உட்கார்ந்திருக்கும். கமா உள்ள புலத்தை, அதாவது ஒரு கட்டத்துக்கான தகவலை, இரட்டை மேற்கோளுக்குள் வை என்று 2005-லேயே சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணத்தில் எழுதிவைத்தாயிற்று. யார் படித்தார்கள்?

தமிழ்ப் பெயர் வந்தால் இன்னும் விசேஷம். எழுத்துகளை எண்களாகச் சேமிக்க யூடிஎஃப்-8, விண்டோஸ்-1252 என்று பல முறைகள் உண்டு. யூடிஎஃப்-8 கோப்பை விண்டோஸ்-1252 என்று நினைத்துப் படித்துவிட்டு, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி ஏ என்று பக்கம் முழுக்கக் கொட்டும். முருகன் எப்போது பதிவு பெற்ற வணிகச்சின்னம் ஆனார்?

அப்புறம் அந்த பிஓஎம், இது யூனிகோட் கோப்பு என்று சொல்லும் அடையாளம். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாத மூன்று பைட், முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'ஐடி என்ற நெடுவரிசை இல்லை' என்று பிழை வரும், திறந்து பார்த்தால் ஐடி முதல் ஆளாக நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கோப்புறைக்கு ஆங்கிலத்தில் 'நியூ' என்று பெயர் வைத்தீர்களா, போச்சு, கோப்பின் பாதையில் அந்தப் பெயருக்கு முன்னால் வரும் பின்சாய்கோடும் பெயரின் முதல் எழுத்தான 'என்'னும் சேர்ந்து, 'புதுவரி தொடங்கு' என்ற குறியீடு ஆகிவிடும்.

இதெல்லாம் போதாதென்று, இன்னும் எழுதி முடிக்காத கோப்பை அவசரமாக அள்ளிக்கொண்டு, பாதி வரிகளை ஏற்றிவிட்டு, பச்சை டிக் வேறு. வெற்றியாம். யாருக்கு?