டாக்டர்கள் இரண்டு பக்கமும் பஸ் ஏறட்டும்

தாலுகா ஆஸ்பத்திரியில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் கொடுக்கிற நம்பிக்கை மையத்தில் பதினோரு வருஷம் கவுன்சிலராக இருந்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். எச்ஐவி பயிற்சி என்றாலே கிராமத்து டாக்டரைச் சென்னைக்குக் கூப்பிடுவார்கள், ஏசி ஹாலில் இரண்டு நாள் ஸ்லைடு ஓடும், ஒரு பை, ஒரு சான்றிதழ், ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்புவார். திங்கட்கிழமை ஓபியில் எதுவும் மாறியிருக்காது.

சென்னையில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு நாட்டிலேயே முதலில் எச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்தது அங்கேதான். 2004 ஏப்ரலில் அரசு எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் முதல் மையங்களில் ஒன்று. அத்தனை வருஷ அனுபவத்தை ஸ்லைடில் ஏற்ற முடியாது, ஓபியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும்.

ஒரு தடவை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்த ஒருவருக்குப் புதிதாக டிபி. டிபி மருந்தில் இருக்கிற ரிஃபாம்பிசின், எச்ஐவி மாத்திரையில் இருக்கிற டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், அதனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனியாக ஒன்று சேர்க்கணும். எழுதிக்கொடுத்த இளம் டாக்டருக்கு அது தெரியவில்லை. பயிற்சிக்குப் போய் வந்தவர்தான்! மதியச் சாப்பாட்டுக்கு முந்தின ஸ்லைடாக இருந்திருக்கும். நல்லவேளை, ஏஆர்டி மையத்து ஃபார்மசிஸ்ட் கண்ணில் பட்டது.

சரி, நகரத்து டாக்டர்களுக்குத் தெரியாததை யார் கேட்பது?

ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் எங்களிடம் முகாமுக்கு வந்திருந்தார். ஒரு அக்கா மடியிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார், உள்ளே மாத்திரை. டாக்டருக்குக் கோபம். டப்பாவிலேயே இருக்கணும், ஈரம் பட்டால் கெட்டுப்போகும் என்று சத்தம் போட்டார். அவர் சொன்னது சரிதான். அந்த அக்கா தலை நிமிரவே இல்லை. அக்கா போன பிறகு எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் மெதுவாகச் சொன்னார், "டப்பா கிலுகிலுன்னு ஆடும் சார். பஸ்ல பக்கத்து சீட்ல அவங்க நாத்தனார் உட்கார்ந்திருப்பாங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்து வந்தவரிடம் அவரே, "மாத்திரையை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். லேபிளைக் கிழித்துவிடலாம், டப்பாவுக்குள் பஞ்சு அடைத்தால் சத்தம் வராது என்று அப்புறம் அவரும் நர்ஸுமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எந்த ஸ்லைடில் வரும் இது?

அதனால்தான் கிராமத்து டாக்டரும் நகரத்து டாக்டரும் ஆளுக்கு ஒரு வாரம் இடம் மாறி உட்காரட்டும் என்கிறேன். கிராமத்து டாக்டர் கிளம்பிவிட்டால் இங்கே ஓபியை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நகரத்து டாக்டர்தான். ராத்திரி டியூட்டியும் சேர்த்து. இரண்டு மணிக்குத் தூய்மைப் பணியாளர் ஒருவருக்கு, நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால், எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தவரை உடனே, தள்ளிப்போனாலும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும் என்பது அவருக்கு மனப்பாடம். மருந்து அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை இங்கே வந்து தேடிப் பார்க்கட்டும்.

அன்றைக்கு அந்த டாக்டர் போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். இன்னமும் அவ்வப்போது மெசேஜ் வரும்: "உங்க ஊர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்திருக்கார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"