ஏரியை அளந்தால் மட்டும் போதுமா?

ஏரிகளில் நீர்மட்டத்தை அளக்கும் சென்சார் வைத்துவிட்டால் சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை பாதி தீர்ந்த மாதிரி என்று உங்கள் ‘ஸ்மார்ட்’ தண்ணீர்க் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, வைக்கட்டும். ஆனால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் பல வருடங்களாக இணையத்தில் போட்டுக்கொண்டுதானே இருக்கிறது? 2019 கோடையில் அந்த ஏரிகள் வறண்டதும் ஊருக்கே தெரிந்துதான் நடந்தது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு அடையாற்றில் வெள்ளம் வந்தபோதும் ஏரியில் எவ்வளவு நிற்கிறது என்பது தெரியாமல் இல்லை. இன்னும் எவ்வளவு மழை வரும், முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாமா, அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு யார் எப்படிச் சொல்வது, சிக்கல் அங்கேதான். மழைக் கணிப்பையும் மதகையும் சேர்த்துப் பார்த்து, எத்தனை மணிக்கு எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று போனுக்கு எச்சரிக்கை வந்தால் அதை ஸ்மார்ட் என்று ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் வீட்டுக் குழாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே கிடையாது, எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம். ஏரியிலிருந்து கிளம்பியது எவ்வளவு, வீட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால்தானே நடுவில் மண்ணுக்குள் ஒழுகிப்போவது தெரியும்? (மெயின் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் மீட்டர் வந்தால் சும்மா இருப்பார்களா என்பது வேறு கதை.) வீட்டுக்கு வீடு முடியாவிட்டால், ஒவ்வொரு பகுதிக்கும் போகும் பெரிய குழாயிலாவது முதலில் மீட்டர் மாட்டுங்கள்.