கச்சத்தீவும் 1953-இல் போட்ட ஒரு பதில் கடிதமும்

தேர்தல் நெருங்கினால் போதும், கடலே இல்லாத சேலத்திலும் கச்சத்தீவுப் பேச்சு கிளம்பிவிடும். அஞ்சு ரோடு டீக்கடையில் நேற்றும் அதேதான். "சர்வதேச கோர்ட்டுக்குப் போனா முதல் வாய்தாவுலயே நமக்குத்தான் தீர்ப்பு" என்று ஒருவர் அடித்துச் சொன்னார்.

அந்தக் கதவைச் சாத்தி வைத்திருப்பதே நாம்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை போல. ஹேக் நகரில் இருக்கும் அந்தச் சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தியா ஏற்ற அறிவிப்பிலேயே, காமன்வெல்த் நாடுகளோடு வரும் வழக்குகளுக்கும் எல்லைத் தகராறுகளுக்கும் அது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. போதாததற்கு, தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்த 1976 கடல் எல்லை ஒப்பந்தமும் வேறு.

சரி, எப்படியோ வழக்கு நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்திரம் எழுதிப் பிழைப்பவன் என்பதால் தீவுக்கும் பாறைக்கும் நாடுகள் போட்ட வழக்குகளின் தீர்ப்புகளைப் படிப்பதில் எனக்குத் தனி ருசி உண்டு. ஏற்காட்டுக் காப்பிக் காட்டு வழக்கில் முன்சீப் கோர்ட் கேட்பதைத்தான் அங்கேயும் கேட்கிறார்கள். பாட்டன் கதை இருக்கட்டும், தீர்வை ரசீது எங்கே? எதிராளி வேலி போட்டபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?

சிங்கப்பூரும் மலேசியாவும் வழக்காடிய பெட்ரா பிராங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் 137 மீட்டர் நீளத்தில் ஒரு பாறை, மொத்தமே 2 ஏக்கர் சொச்சம். அதன்மேல் 1851 முதல் ஒரு கலங்கரை விளக்கம். ஆதியில் அது ஜொகூர் (இன்று மலேசியாவின் ஒரு மாநிலம்) சுல்தானுக்குச் சொந்தம் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்படியும் 2008-இல் தீர்ப்பு சிங்கப்பூர் பக்கம் போனது. காரணங்களில் பெரியது ஒரு கடிதம். 1953-இல் சிங்கப்பூரின் காலனி அரசு இந்தப் பாறையின் நிலை என்ன என்று விசாரித்து எழுத, ஜொகூரின் பொறுப்புச் செயலாளர் "ஜொகூர் அரசு அதற்கு உரிமை கோரவில்லை" என்று பதில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் பக்கத்துக் கடலில் விபத்துக்குள்ளான கப்பல்களை சிங்கப்பூர்தான் விசாரித்தது. மலேசிய அதிகாரிகளே அங்கே போக சிங்கப்பூரிடம் அனுமதி வாங்கினார்கள். 1962 முதல் மலேசியா அச்சிட்ட வரைபடங்களிலேயே அந்த இடத்தில் 'சிங்கப்பூர்' என்று போட்டிருந்தது! 1979-இல் விழித்துக்கொண்டு, பாறை தங்களுடையது என்று காட்டும் புது வரைபடம் வெளியிட்டார்கள். பயனில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிடில் ராக்ஸ் மட்டும் மலேசியாவுக்குத் தங்கியது. அங்கே சிங்கப்பூர் இப்படி எதுவும் செய்திருக்கவில்லை.

நமக்கு இதைவிட உறைக்க வேண்டியது 2002-இன் சிபடான், லிகிடான் தீவுகள் வழக்கு. எங்கள் மீனவர்கள் காலங்காலமாக அங்கே மீன் பிடித்தார்கள் என்றது இந்தோனேசியா. தனியாட்கள் தங்கள் பிழைப்புக்குச் செய்தது அரசின் செயல் ஆகாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. மலேசியா தரப்பு எடுத்து வைத்த சான்றுகளில் ஒன்று, ஆமை முட்டை சேகரிப்பதை ஒழுங்குபடுத்த 1917-இல் போட்ட சட்டம். இப்படிப்பட்ட அரசுச் செயல்களை வைத்துத்தான் மலேசியா ஜெயித்தது. ராமேஸ்வரத்து மீனவர் கச்சத்தீவில் வலை உலர்த்தியதை மேடையில் சொன்னால் கைதட்டு விழும், கோர்ட்டில் நிற்காது. ராமநாதபுரம் ஜமீன் குத்தகைக் காகிதங்களுக்குக் கொஞ்சம் கனம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு மேலே நம் பிரதமரின் 1974 கையெழுத்து உட்கார்ந்திருக்கிறதே!

தீவு கிடைத்தாலும் கடல் கூடவே வரும் என்பதும் இல்லை. கருங்கடலின் பாம்புத் தீவு உக்ரைனுடையது. 2009-இல் அதே நீதிமன்றம் ருமேனியாவுடன் கடல் எல்லை பிரித்தபோது, 12 கடல் மைலுக்கு அப்பால் அந்தத் தீவுக்காக ஒரு துளித் தண்ணீர்கூடக் கூடுதலாகத் தரவில்லை.

மண்ணை விட்டுவிட்டு மீனைக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. செங்கடலின் ஹனிஷ் தீவுகளுக்காக எரித்ரியாவும் யேமனும் சண்டையே போட்டன. 1998-இல் நடுவர் மன்றம் ஹனிஷை யேமனுக்குக் கொடுத்தது. ஆனால் இரு நாட்டு மீனவர்களும் அந்தக் கடலில் பாரம்பரியமாகத் தொழில் செய்வது தொடர வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. நம் 1974 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவிலும் இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் பயண ஆவணம் இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்றுதான் இருக்கிறது. மீன்பிடிப்பை அடைத்தவை 1976-இல் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். மறுபடியும் கடிதம்தான், பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல். ஹனிஷ் தீர்ப்பு காப்பாற்றியது பாரம்பரியச் சிறுதொழில் மீனவரை, பெரிய வணிகப் படகுகளை அல்ல. நம்மிடம் இருப்பதோ அடிக்கடலைச் சுரண்டும் இழுவைமடி விசைப்படகுகள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. வலை அறுபட்ட யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழர்தானே, அவரிடம் எந்தப் பாரம்பரியத்தைச் சொல்லி உரிமை கேட்பது? விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற அதே 2017-இல் இங்கே ஒரு மானியத் திட்டம் தொடங்கினார்கள். அடுத்த முறை கச்சத்தீவை மீட்போம் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அந்தத் திட்டத்தில் எத்தனை படகு மாறியது என்று கேளுங்கள்.