ஆதரவு இருந்தால் போதும் என்பது சரியில்லை

அண்ணா, 'கூட வேலை செய்பவர்கள் நல்லவர்களாக இருந்தால் மேலதிகாரி எவ்வளவு ஏசினாலும் ஒன்றும் செய்யாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிதான் உண்மை. ஆதரவு மன அழுத்தத்தின் தாக்கத்தைத் தணிக்கும் என்று கோஹன், வில்ஸ் என்ற உளவியலாளர்கள் 1985இலேயே விளக்கினார்கள். தணிப்பது வேறு, இல்லாமல் செய்வது வேறு.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்தேன். விருந்தினர்களுக்கு முன்னால் மேற்பார்வையாளர் தினமும் அவமானப்படுத்துவார். சமையலறை அக்காமார் இரண்டு பேர் எனக்குச் சோறு எடுத்து வைத்து, பஸ் வரும்வரை பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் முதல் மாதமே விட்டிருப்பேன். ஆனாலும் இரவில் நித்திரை வரவில்லை. அந்த ஆளை வேறு பிரிவுக்கு மாற்றிய பிறகுதான் வந்தது.

அப்புறம், 'அடித்தால்தான் துன்புறுத்தல்' என்று நீங்கள் எழுதியதும் பிழை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்ற, வேலையில் நடக்கும் வன்முறை, துன்புறுத்தல் பற்றிய 190ஆம் இலக்க சமவாயம் (நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை) உளப் பாதிப்பையும் சேர்க்கிறது. ஒரே ஒரு தடவை நடந்தாலும் கணக்குத்தான்.

இப்போது இதை அனுபவிக்கிறவர்கள் திகதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். மனம் தாங்காவிட்டால் இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.