நெகட்டிவ் யாருகிட்ட இருக்கு?

முதல்லயே சொல்லிடறேன், இது ஒரு கில்மா பட டைரக்டரைப் பத்தின போஸ்ட். பிடிக்காதவங்க இங்கயே ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஆளு பேரு ரஸ் மேயர். அமெரிக்கா, கலிஃபோர்னியாக்காரர். நான் எடிட்டிங் கத்துக்கிட்டிருந்தப்ப சீனியர் ஒருத்தர் இவரோட 'ஃபாஸ்டர் புஸிகேட் கில் கில்' படத்தைப் போட்டு "சவுண்டை ம்யூட் பண்ணிட்டுப் பாருடா"ன்னார். 1965ல வந்த கருப்பு வெள்ளைப் படம். பேரைக் கேட்டுட்டு நான் என்ன நெனப்புல உக்காந்தேன்னு தனியா சொல்லணுமா? கடைசி வரைக்கும் ஒரு நிர்வாணக் காட்சி கிடையாது. ஆனா எந்திரிக்கவும் முடியல.

ஆரம்பமே இப்படி. இருட்டுத் திரையில ஒரு வெள்ளைக் கோடு நடுங்குது. ஃபிலிம் ஓரத்துல சவுண்ட் ட்ராக் ஓடும்ல, அந்தக் கோடு. அது ரெண்டாகுது, நாலாகுது, திரை பூரா பரவுது. நான் பாக்கறது ம்யூட்ல, ஆனா பேசறவன் குரல் கண்ணு முன்னாடி ஆடிட்டிருக்கு. டக்குனு கட். மேடையில ஆடற பொண்ணுங்க, தரையில கிடந்து அண்ணாந்து பாக்கற மாதிரி கேமரா, வாயைப் பொளந்து கத்தற ஆம்பளைங்க மூஞ்சி, கால், மூஞ்சி, கால், அடுத்த கட்ல அதே மூணு பொண்ணுங்களும் ஆளுக்கொரு கார்ல பாலைவனத்துல பறக்கறாங்க, அவங்கள்ல மெயினா வர்ற நடிகை துரா சடானா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு தலையைப் பின்னால தள்ளி சிரிக்கிறா. ரெண்டு நிமிஷம்தான் இருக்கும். எந்த ஷாட்டும் ஒரு ஃப்ரேம் கூட தேவைக்கு மேல நிக்காது. கதை போற போக்கை விடுங்க, அது ஒரு மாதிரிதான், ஆனா இன்னைக்கு ஆக்‌ஷன் கட்டிங்னு நாங்க பீத்திக்கிற பாதி வேலையை இந்த ஆளு அப்பவே வீட்டு ஷெட்ல செய்யற மாதிரி செஞ்சு வச்சிருக்காரு.

அது எப்படி வந்துச்சுன்னு தேடினா கதை யுத்தத்துக்குப் போகுது. 1922ல பொறந்தவர், அப்பா போலீஸ்காரர், குடும்பத்தை விட்டுப் போயிட்டார். அம்மாதான் வளர்த்தாங்க. பதினாலு வயசுல பையனுக்கு ஒரு 8 எம்எம் கேமரா, அதுக்காக அந்தம்மா கல்யாண மோதிரத்தை அடகு வச்சாங்கன்னு சொல்வாங்க. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்தோட 166வது சிக்னல் ஃபோட்டோ கம்பெனிங்கற படைப்பிரிவுல கேமராமேன், ஐரோப்பா பூரா சண்டைக்கு நடுவுல படம் பிடிச்சிருக்கார். குண்டு விழற இடத்துல ரெண்டாவது டேக் கேக்க முடியுமா? கிடைச்சதைப் பிடி, அடுத்த இடத்துக்கு ஓடு. அந்த அவசரம்தான் அவர் கட்டிங்ல கடைசி வரைக்கும் இருந்துச்சுன்னு எனக்குத் தோணும். ஃபிரான்ஸ்ல எழுத்தாளர் ஹெமிங்வேயைப் பார்த்ததாவும், அவர்தான் தன்னை மொத தடவையா ஒரு விபசார விடுதிக்கு அனுப்பி வச்சதாவும் ஒரு கதை சொல்வார். சொன்னது மேயரே, அதனால நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

யுத்தம் முடிஞ்சு வந்தவருக்கு ஹாலிவுட் கதவைத் திறக்கல. கம்பெனிகளுக்கு இண்டஸ்ட்ரியல் படம் எடுத்தார், கிளாமர் ஃபோட்டோ எடுத்தார், ப்ளேபாய்க்கும் எடுத்தார். அந்தக் கால அமெரிக்காவுல உடம்பைத் திரையில காட்டணும்னா ஒரு சாக்கு வேணும். ஒண்ணு 'சுகாதாரக் கல்வி'ன்னு டாக்டர் வேஷத்துல ஒருத்தரை உக்கார வச்சுப் பேச விடணும், இல்ல நிர்வாண முகாம்ல ஆரோக்கியமா வாலிபால் ஆடறாங்கன்னு காட்டணும். 1959ல மேயர் அந்த சாக்கையே தூக்கிப் போட்டுட்டார். 'தி இம்மாரல் மிஸ்டர் டீஸ்'. பல் டாக்டருங்களுக்கு சாமான் கொண்டு போய்க் குடுக்கற ஒரு அப்பாவி, பல்லு புடுங்க மயக்க மருந்து போட்டுக்கறான், அப்புறம் பாக்கற பொண்ணுங்க எல்லாம் துணியில்லாம தெரியறாங்க. அவ்ளோதான் கதை. ஹீரோ அவரோட பட்டாளத்துக் கூட்டாளி. நாலு நாள் ஷூட்டிங், 24,000 டாலர் செலவு, வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு. நாடு பூரா இதே மாதிரி படங்கள் ஈசல் மாதிரி கிளம்பிச்சு.

நான் சொல்ல வந்தது இதுக்கப்புறம்தான். அந்த ஈசல்கள்ல முக்காவாசி ஆளுங்க பேரு இன்னைக்கு யாருக்கும் தெரியாது, மேயர் பேரு தெரியுது. ரசனை கிசனைன்னு ஆயிரம் பேசலாம், ஆனா என் கணக்குல பெரிய காரணம் அந்த ஆளு நெகட்டிவை, அதாவது பிரிண்ட் எல்லாம் போடற மூல ஃபிலிமை, தன் கைய விட்டுப் போக விடல. சொந்தக் காசு, சொந்தக் கேமரா, எடிட்டிங்கும் அவரே, விநியோகமும் அவரே, யூனிட்ல லைட்டு தூக்கறதே பட்டாள நண்பர்கள். இதுல பொண்டாட்டி ஈவ் மேயரோட பங்கை யாரும் பேசமாட்டாங்க. மாடலா இருந்தவங்க, படத்துல நடிச்சாங்க, அப்புறம் தயாரிப்பும் கணக்கும் பாத்துக்கிட்டாங்க, 1969ல விவாகரத்து. 1977ல தெனெரிஃப்ல ரெண்டு ஜம்போ விமானம் மோதின விபத்துல இறந்தவங்கள்ல அவங்களும் ஒருத்தர்.

1968ல 'விக்ஸன்'. லட்சம் டாலர் கூட ஆகாத படம், கோடிக்கணக்குல அள்ளுச்சு. கனடா காட்டுல நடக்கற கதை, எரிகா கேவின் நடிச்ச அந்தப் பொண்ணு யாரையும் விட்டு வைக்க மாட்டா, ஆனா கூட இருக்கற கறுப்பின இளைஞன்கிட்ட மட்டும் அப்படி ஒரு இனவெறி, படம் அதை மறைக்காம அப்படியே காட்டும். கடைசியில ஒரு கம்யூனிஸ்ட் விமானத்தைக் கியூபாவுக்குக் கடத்தப் பாக்கறான்! வியட்நாம், இனவெறி, கம்யூனிஸம்னு நாட்டுல இருந்த சண்டை எல்லாத்தையும் ஒரு செக்ஸ் படத்துக்குள்ள திணிச்சிருக்கார்.

ஒஹாயோ மாநிலத்துல இந்தப் படத்து மேல கேஸ் போட்டவர் சார்லஸ் கீட்டிங். ஒழுக்கக் காவலர், ஆபாசத்தை ஆராய அரசாங்கம் வச்ச கமிஷன்ல அதிபர் நிக்ஸனே போட்ட உறுப்பினர். 1971ல ஒஹாயோ உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் படம் ஆபாசம்தான்னு தீர்ப்பு வாங்கிட்டார். நாட்டோட கற்பைக் காப்பாத்தின இதே பெரிய மனுஷனோட நிதி நிறுவனம் 1989ல கவிழ்ந்துச்சு, வயசானவங்க ஆயிரக்கணக்குல சேமிப்பை இழந்தாங்க, ஐயா நாலரை வருஷம் ஜெயில்ல இருந்தார். ஆபாசம்ங்கற வார்த்தையை யாராவது கம்பீரமா சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

'விக்ஸன்' வசூலைப் பாத்து ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸே கூப்பிட்டாங்க. பெரிய பெரிய படங்கள்ல காசைக் கரைச்சிட்டு நின்ன நேரம் அது. மேயர் கதை வசனத்துக்குக் கூட்டிட்டுப் போனது யாரைன்னு நெனைக்கிறீங்க? ரோஜர் ஈபர்ட்! பின்னாடி 1975ல புலிட்சர் விருது வாங்கின மொத சினிமா விமர்சகர். ஆறே வாரத்துல ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு எழுதினதுதான் 1970ல வந்த 'பியாண்ட் த வேலி ஆஃப் த டால்ஸ்'. சென்சார்ல எக்ஸ், அதாவது பெரியவங்களுக்கு மட்டும்னு குடுத்துட்டாங்க. எல்லா டைரக்டரும் வெட்டித் தர்றேன்னு கெஞ்சுவான், இவரு எக்ஸ்தான்னு ஆயிடுச்சு, அப்ப எடுத்து வச்ச மிச்ச நிர்வாணக் காட்சியையும் சேத்துடறேன்னு கேட்டார். ஸ்டுடியோவுக்கு ரிலீஸ் அவசரம், விடல. பத்து லட்சம் டாலருக்கும் கம்மியா எடுத்த படம் பல மடங்கு திரும்பக் குடுத்துச்சு. அடுத்து 'தி செவன் மினிட்ஸ்', ஆபாச வழக்கைப் பத்தின சீரியஸ் கோர்ட் படம், தியேட்டர்ல ஈ ஓட்டினாங்க. ஸ்டுடியோ வாசம் அதோட சரி.

1972ல 'டீப் த்ரோட்' வந்தப்புறம் இவர் மார்க்கெட்டே ஆட்டம் கண்டுச்சு. எல்லாத்தையும் அப்பட்டமா காட்டற படத்துக்கே க்யூ நிக்கும்போது இவரோட கார்ட்டூன் குறும்பை யாரு பாப்பா? மேயர் ஹார்ட்கோர் பக்கம் போகவே இல்ல. கொள்கைன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கென்னவோ அவருக்கு அந்தச் செயல்ல சுவாரஸ்யமே இல்ல, அதுக்கு முன்னாடி இருக்கற ஏக்கம்தான் அவர் சப்ஜெக்ட்டுன்னு தோணுது. மிஸ்டர் டீஸ் கூட படம் பூரா பாத்துட்டு மட்டும்தானே இருக்கான்.

சரி, தலையில தூக்கி வச்சு ஆடறேன்னு நெனைக்காதீங்க. பெரிய மார்பு மேல அவருக்கு இருந்த பைத்தியம் ஒரு கட்டத்துக்கு மேல அலுத்துப் போகுது. 1975ல வந்த 'சூப்பர்விக்ஸன்ஸ்'ல குளியல் தொட்டியில ஒரு பொண்ணைக் கொல்ற காட்சி இருக்கு. அடி, மிதி, அப்புறம் மின்சாரம். ரொம்ப நேரம் ஓடுது. காமெடின்னு சொல்றாங்க, வேலைக்காகப் பாத்தும் என்னால பாதியில நிறுத்தாம இருக்க முடியல, அதே கட்டிங் திறமைதான் இங்கயும் வேலை செய்யுது, அதான் இன்னும் மோசமா இருக்கு. அவரோட இன்னொரு படம் 'லோர்னா'வுல பலாத்காரத்தைக் காட்டற விதமும் எனக்கு ஒப்பல. நெகட்டிவ் மேயருது, சரி. அதுல இருக்கற உடம்பு அவருது இல்லையே. இன்னொரு பக்கம் துரா சடானாவைப் பாருங்க. ஜப்பான்ல பொறந்து, சின்னப் புள்ளையா அமெரிக்கால, யுத்த நேரத்துல ஜப்பான்காரங்களை அடைச்சு வச்ச மன்ஸனார் தடுப்பு முகாம்ல இருந்த பொண்ணு, நெஜமாவே தற்காப்புக் கலை தெரிஞ்சவ. 1965ல அந்த மாதிரி ஒருத்தி கையில ஒரு படத்தையே தூக்கிக் குடுக்க எந்த ஸ்டுடியோ தயாரா இருந்துச்சு? ரெண்டும் ஒரே ஆளு செஞ்சதுதான். எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியல.

தியேட்டருக்குன்னு எடுத்த கடைசிப் படம் 1979ல. அப்புறம் வீடியோ காலம். தன் படத்தைத் தானே கேசட் போட்டு வித்தார். ஆர்டர் பண்ண ஃபோன் அடிச்சா பல நேரம் எடுக்கறது மேயரேதான். 2000ல ஆயிரம் பக்கத்துக்கு மேல மூணு வால்யூம்ல சுயசரிதையும் அவரே போட்டார். அதுக்குள்ள ஞாபகம் போக ஆரம்பிச்சிடுச்சு. யாருக்கும் விட்டுக் குடுக்காம பொத்திப் பொத்தி வச்ச நெகட்டிவ் எல்லாம் என்னன்னே தெரியாத நிலைமையில 2004 செப்டம்பர்ல போயிட்டார், வயசு 82. பிள்ளைங்க இல்ல. அந்தப் படங்கள் நல்ல பிரிண்ட்ல கிடைக்காம ரசிகர்கள் வருஷக்கணக்கா பொலம்பினாங்க. சொத்துல பெரும்பங்கு அம்மா ஞாபகமா நியூயார்க்ல இருக்கற ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் மையத்துக்கு எழுதி வச்சிருந்தார்.

கலிஃபோர்னியாவுல ஸ்டாக்டன்ல அவரைப் புதைச்சிருக்காங்க. கல்லுல நிர்வாணப் படங்களோட ராஜான்னு பட்டம் போட்டு, கீழே சந்தோஷமாத்தான் செஞ்சேன்ங்கற மாதிரி ஒரு வரி. அம்மாவும் அந்த இடுகாட்டுலதான் இருக்காங்க.