டொக்டரிடம் நான் சொன்ன பொய்

மகளின் கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது சிட்னியில் இருந்து மச்சாள் வந்தார். பெட்டியைத் திறந்து சொக்லேற், சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று எல்லாம் பங்கிட்டு முடித்தபின், என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு ஒரு மருந்துப் பெட்டியைக் கையில் வைத்தார். "இதைக் குடிச்சுப் பாரும். பசியே வராது." பெட்டியில் ஒட்டியிருந்த துண்டில் மச்சாளின் பெயர் இருந்தது. அவருக்கு அங்குள்ள டொக்டர் எழுதிக் கொடுத்து, அவர் பாதியில் விட்ட மருந்து. பென்டர்மின், 30 மில்லிகிராம்.

நான் 5 அடி 1 அங்குலம். அப்போது 78 கிலோ. கலியாணச் சாறிக்குச் சட்டை தைக்க அளவெடுத்த பிள்ளை நாடாவை இரண்டாம் தரமும் சுற்றிப் பார்த்த பார்வை நெஞ்சில் கிடந்தது. ஏற்கனவே பிரஷருக்குக் குளிசை குடிக்கிற ஆள் என்பதை அந்த நேரம் நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் குடித்தேன்.

முதல் வாரம் சொர்க்கம். புட்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் முன்னால் இருக்க, பசி வரவில்லை. பிறகு வாய் காய்ந்தது. மலச்சிக்கல் வந்தது. காலையில் குடிக்க வேண்டியதை யாரும் காணாமல் மத்தியானத்தில் குடித்ததால் நித்திரை போய்விட்டது. இரவு 2 மணிக்கு எழும்பியிருந்து, கலியாணத்துக்குச் சொல்ல வேண்டிய ஆட்களின் பட்டியலைத் திருத்திக்கொண்டிருப்பேன். மூன்றாம் வாரம் மொட்டைமாடிக்கு உடுப்புக் காயப்போட ஏறினால் நெஞ்சு மத்தளம் அடித்தது.

வழமையான கிளினிக் நாள் வந்தது. பிரஷர் 160க்கு 100. டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா அம்மா?"

"இல்லை டொக்டர்."

"நித்திரை?"

"கலியாண அலுவல் டொக்டர், அதுதான்."

அவர் என்ன செய்வார், பாவம். பிரஷர் குளிசையைக் கூட்டி எழுதினார். ஒரு மருந்து பிரஷரை மேலே தள்ள, மற்றது கீழே இழுக்க, நடுவில் நான் கலியாணம் நடத்தி முடித்தேன். சாறிச் சட்டை சரியாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஐந்து கிலோ குறைந்திருந்தேன். பிறகு பெட்டி முடிந்தது. மேலே தள்ளுகிற மருந்து நின்றது, கூட்டிய குளிசை நிற்கவில்லை. ஒருநாள் காலை கிணற்றடியில் குனிந்து நிமிரக் கண் இருண்டு விழுந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 90க்கு 60. கட்டிலருகே நின்ற இளம் டொக்டர்ப் பிள்ளை அதே கேள்வியைக் கேட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை ஏசவில்லை. மருந்தின் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

குறைந்த ஐந்து கிலோவும் தைப்பொங்கலுக்கு முதலே திரும்பி வந்துவிட்டது.

இதை இப்போது எழுதக் காரணம், கடந்த சில மாதங்களில் மட்டும் நாலைந்து பேர் என்னிடம் "உந்த மெலியிற ஊசி எங்க எடுக்கலாம்?" என்று தனியாகக் கேட்டுவிட்டார்கள். தனியாக. மெதுவாக. ஏதோ கசிப்பு விலை கேட்பது போல.

எனக்கு மருந்தில் கோபமில்லை. "வாயைக் கட்டினால் போதும்" என்று சொல்கிறவர்களில்தான் கோபம். பிரஷர்காரரிடம் "மனதைக் கட்டு, குளிசை எதற்கு" என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு வைத்தவருக்கு மட்டும் கலியாண வீடு, செத்த வீடு, கோயில் வீதி என்று எங்கே போனாலும் புத்திமதி. கிளினிக்கிலும் எல்லோருக்கும் முன்னால் நிறையைச் சத்தமாக வாசிக்கிற இடங்கள் இருக்கின்றன. அப்படி வெட்கப்பட வைத்தால் ஆள் களவாகத்தான் மருந்து எடுக்கும். என்னைக் கிணற்றடியில் விழுத்தியதில் மருந்துக்கு இருந்த பங்கை விட அந்தக் களவுக்கு இருந்த பங்கு பெரிது.

பென்டர்மின் புதிய சாமானும் இல்லை. அமெரிக்காவில் 1959இலேயே அனுமதித்த மருந்து. உடம்பு பயந்தால், ஓடினால் சுரக்கும் நோரட்ரினலினைக் கூட்டிவிடுகிறது. நாய் துரத்தும்போது யாருக்குப் பசிக்கும்? அதே காரணத்தால்தான் நெஞ்சும் அடிக்கிறது, நித்திரையும் போகிறது. சில கிழமைகளுக்கு மட்டும், பிரஷரும் நாடித்துடிப்பும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. இருதய வருத்தம், அடங்காத பிரஷர், தைரொயிட் கூடச் சுரக்கிறவர்கள், கண்ணில் குளுக்கோமா, கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய், இவர்களுக்குக் கூடாது. சில மனச்சோர்வு மருந்துகளோடும் சேராது. மச்சாளின் டொக்டர் இதையெல்லாம் மச்சாளிடம் கேட்டிருப்பார். என்னிடம் யார் கேட்டது?

பசியடக்கி மருந்துகளின் சரித்திரமும் அவ்வளவு நல்லதில்லை. இதே பென்டர்மினோடு பென்புளூரமின் என்ற மருந்தைச் சேர்த்து அமெரிக்காவில் அள்ளிக் கொடுத்தார்கள். இருதய வால்வு பழுதாவது தெரியவர, 1997இல் பென்புளூரமினைத் திரும்பப் பெற்றார்கள். சிபுட்ரமின் என்ற இன்னொரு பசியடக்கியை 2010இல் நிறுத்தினார்கள், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று. ஆனால் சிபுட்ரமின் செத்துப் போகவில்லை. "முழுக்க மூலிகை" என்று இணையத்தில் விற்கும் மெலியிற கோப்பி, தேத்தண்ணி, கப்சியூல்களைப் பரிசோதித்த நாடுகளில் திரும்பத் திரும்ப அதுதான் உள்ளே கிடந்து பிடிபடுகிறது. ஆகவே "நான் இங்கிலிஷ் மருந்து தொடமாட்டேன், மூலிகைதான்" என்று பெருமையாகச் சொல்பவர் அந்தப் பழைய இங்கிலிஷ் மருந்தையே சீனி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, ஊசிக்கு வருவோம். செமாகுளூடைட் வேறு வகை. குடலில் சுரக்கும் ஓமோன் ஒன்றைப் போல வேலை செய்து, இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கி, மூளைக்கு "போதும்" என்று சொல்கிறது. முதலில் சலரோகத்துக்கு வந்தது. 2021இல் நிறை குறைக்கவும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். உடல் நிறைச் சுட்டெண் (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு, அல்லது 27 அல்லது அதற்கு மேலிருந்து கூடவே பிரஷர், சலரோகம் போல ஏதாவது வருத்தமும் உள்ளவர்களுக்கு என்பது கணக்கு. (என்னுடையது அன்று 32. அதாவது முறையாகப் போய்க் கேட்டிருந்தாலே யாராவது யோசித்துப் பார்த்திருப்பார்கள்.) பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 வீதம் அளவு நிறை குறைந்தது. நிறுத்திய பிறகு ஒரு வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. கலியாணத்துக்காக மூன்று மாதம் போட நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கவும்.

வாரம் ஒரு ஊசி. 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நாலு நாலு வாரமாகக் கூட்டுகிறார்கள். வயிறு பழக வேண்டும் என்பதற்காக. மருந்து நிரப்பிய பேனா போன்ற ஊசியாகத்தான் இது வரும். அக்கா மிச்சம் விட்டுப்போன 1 மில்லிகிராம் பேனாவில் நேரே தொடங்கினால் சத்திதான். எங்கள் சித்திரை வெயிலில் இரண்டு நாள் சத்தியெடுத்துத் தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். வயிறு முதுகு வரை விடாமல் குத்தினால் கணையம், வலது பக்க விலா ஓரம் குத்தினால் பித்தப்பைக் கல் என்று சந்தேகித்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காஸ் என்று சொல்லி இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி இல்லை. பிள்ளை பெற யோசிப்பவர்கள் இரண்டு மாதம் முதலே நிறுத்த வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் மயக்க மருந்து டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெறும் வயிறு என்று நாம் நினைக்கும் வயிற்றில் நேற்றைய சோறு கிடக்கலாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது சலரோகக்காரர். இன்சுலினோ, சீனியைக் குறைக்கிற கிளிக்லசைட் குளிசையோ எடுத்துக்கொண்டு, கிளினிக்கில் சொல்லாமல் இந்த ஊசியையும் போட்டு, அதோடு கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடித்தால் சீனி எங்கே போய் நிற்கும்? முருகன் காப்பாற்றுவார்தான். ஆனாலும் கிளிக்லசைட்டின் அளவைக் குறைத்து எழுத டொக்டர்தான் வேண்டும்.

இன்னொன்றும் கேள்விப்பட்டுத் திடுக்கிட்டேன். இரண்டு சகோதரிகள் ஒரே பேனாவில் போடுகிறார்களாம், ஊசிமுனையை மட்டும் மாற்றி. முனையை மாற்றினாலும் ஒருவரின் இரத்தம் பேனாவுக்குள் போகலாம். ஈரல் அழற்சிக் கிருமி அக்கா தங்கச்சி உறவு பார்க்காது. அப்புறம் அந்தப் பேனா வந்த வழி. திறக்காத பேனா 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டியது. இங்கே அது சூட்கேசில் விமானமேறி, கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து, "பிரிட்ஜில வையும்" என்று சொல்லப்படும்போது ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். போலியும் இருக்கிறது: 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளூடைட் பற்றி எச்சரிக்கை விட்டது. இன்சுலின் நிரப்பிய போலிப் பேனாக்களும் வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. சலரோகமே இல்லாத ஆள் அதைப் போட்டால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

நான் இப்போது 74 கிலோ. ஊசி போடவில்லை. ஒரு வேளை டொக்டர் சொன்னால் போடுவேன், அதை இங்கேயே வந்து எழுதியும் விடுவேன். கிளினிக் கொப்பியில் அந்த இரண்டு கோடு போட்ட பக்கம் இன்னும் இருக்கிறது. புதிதாக யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் திறந்து காட்டுகிறேன்.

மச்சாள் அடுத்த மாதம் வருகிறார். வட்ஸ்அப்பில் எடுத்து, "உமக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்டார். பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று என்றேன். "விசரே உமக்கு, அதை உங்கயே வாங்கலாமே" என்று சிரித்தார்.

கொண்டுவருகிறாராம்.